‘ஃபாரின் பீர்’ எல்லாம் ஃபாரின்ல இருந்துதான் வருதா? பாட்டிலின் பின்பக்கம் சொல்லும் கதை.. லாகர் முதல் ஸ்டவுட் வரை முழு விளக்கம்!

ஊத்தங்கரை டாஸ்மாக் கடையில் பீர் வாங்கப் போனால் பேச்சு இரண்டு கேள்வியில் முடிந்துவிடும். ஸ்ட்ராங்கா, சாதாவா? கூலிங் இருக்கா, இல்லையா? அவ்வளவுதான். அதே ஊர்க்காரர் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நண்பர்களோடு அத்திப்பள்ளியைத் தாண்டி பெங்களூரு பப் ஒன்றில் உட்கார்ந்தால் கதையே வேற. மெனு கார்டில் பில்ஸ்னர், விட்பியர், ஹெஃபவைசன், ஸ்டவுட், ஐபிஏ என்று வரிசையாக இருக்கும். பக்கத்தில் இருப்பவர் எதைக் கைகாட்டுகிறாரோ அதையே தனக்கும் சொல்லிவிட்டு சும்மா இருந்துவிடுபவர்கள்தான் அதிகம்.

இந்தப் பெயர்களுக்கெல்லாம் என்ன அர்த்தம்? இதில் எது நிஜமாகவே வெளிநாட்டில் இருந்து வருது? எதில் ஆல்கஹால் அதிகம்? எல்லை தாண்டி ஒரு பாட்டிலை பைக்கில் எடுத்து வந்தால் என்ன ஆகும்? விரிவாகப் பார்க்கலாம். (மது அருந்துவது உடல்நலத்துக்குக் கேடு. தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவர்களுக்கு மது விற்கக் கூடாது.)

பெயர் மட்டும்தான் வெளிநாடு!

முதலில் ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிடலாம். ஹெய்னகன் நெதர்லாந்து கம்பெனி. கார்ல்ஸ்பெர்க், டூபோர்க் இரண்டும் டென்மார்க். பட்வைசர் அமெரிக்கா. ஆனால் நம்ம ஊர்க் கடைகளில் இந்தப் பெயரில் கிடைக்கும் பீர் பெரும்பாலும் இந்தியாவிலேயே காய்ச்சி, இந்தியாவிலேயே பாட்டிலில் அடைத்தது. கப்பல் ஏறி வந்தது பெயரும் செய்முறையும்தான்.

ஹெய்னகனை இந்தியாவில் தயாரிப்பது யார் தெரியுமா? கிங்ஃபிஷர் தயாரிக்கும் அதே யுனைடெட் புரூவரீஸ். பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்த நிறுவனத்தை 1915இல் தாமஸ் லெய்ஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் தென்னிந்தியாவில் இருந்த சில பீர் ஆலைகளை ஒன்றாகச் சேர்த்துத் தொடங்கினார். பிறகு மல்லையா குடும்பத்திடம் போய், 2021இல் பெரும்பான்மைப் பங்கு ஹெய்னகன் கைக்கு வந்துவிட்டது. அதாவது இன்றைக்கு ‘உள்ளூர்’ கிங்ஃபிஷருக்கே முதலாளி வெளிநாட்டுக்காரர். ‘வெளிநாட்டு’ ஹெய்னகனோ இந்தியத் தயாரிப்பு!

இதற்கு நேர் தலைகீழான கதையும் உண்டு. பிரா 91 இந்தியர் ஒருவர் தொடங்கிய பிராண்ட். ஆனால் 2015இல் அது விற்பனைக்கு வந்தபோது பெல்ஜியத்தில் காய்ச்சி, அங்கிருந்து இறக்குமதி ஆனது. அதன் பிறகுதான் தயாரிப்பு இந்தியாவுக்கு மாறியது.

அப்போ எப்படித்தான் கண்டுபிடிப்பது? முன்பக்க லேபிளைப் பார்க்காதீர்கள். அதில் பிறந்த ஊரும் ஆண்டும் பெரிய எழுத்தில் பெருமையாக இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதுதான் உண்மை. தயாரித்த ஆலையின் முகவரி மைசூரு, தெலங்கானா, மகாராஷ்டிரா என்று இருந்தால் அது இந்திய பீர். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது என்ற விவரம் தனி ஸ்டிக்கராக ஒட்டியிருந்தால்தான் அது வெளியிலிருந்து வந்தது. இந்த விவரங்களும் ஆல்கஹால் சதவீதமும் லேபிளில் இருப்பது உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி கட்டாயம்.

இந்தியாவில் தயாரானால் மட்டம் என்று அர்த்தம் இல்லை. பல நேரங்களில் அதுதான் நல்லதும்கூட. பீர் வைத்து வைத்துப் பழக்கும் சரக்கு கிடையாது. பெரும்பாலான வகைகளுக்குப் புதுசாக இருந்தால்தான் மணம். கன்டெய்னரில் வாரக்கணக்கில் கடலில் வந்து, குடோனில் மாதக்கணக்கில் தூங்கி, சித்திரை வெயிலில் கடைக்கு வந்து சேரும் பாட்டிலில் ஈர அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை ஏறிவிடும். அதனால் எந்த நாடு என்று பார்ப்பதற்கு முன்னால், எந்த மாதம் தயாரானது என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

விலை ஏன் இப்படி?

இறக்குமதி பீருக்கு அடிப்படை சுங்க வரியே 100 சதவீதம். அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரியும் சேரும். துறைமுகத்தைத் தாண்டும்போதே விலை இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அதற்குப் பிறகுதான் மாநில வரிகளே ஆரம்பம். மனிதர்கள் அருந்தும் மது ஜிஎஸ்டிக்குள் வராது. கலால் வரி, விற்பனை வரி எல்லாம் அந்தந்த மாநிலத்தின் கையில். அதனால்தான் ஒரே பாட்டிலுக்கு ஓசூரில் ஒரு விலை, பத்து கிலோமீட்டருக்குள் இருக்கும் அத்திப்பள்ளியில் இன்னொரு விலை.

‘கர்நாடகாவில் பீர் சீப்’ என்ற பேச்சு இந்தப் பக்கம் ரொம்ப நாளாக உண்டு. ஆனால் 2023க்குப் பிறகு கர்நாடக அரசு பீர் மீதான கூடுதல் கலால் வரியை அடுத்தடுத்து உயர்த்தியிருக்கிறது. பழைய கணக்கை நம்பி வண்டியைக் கிளப்புபவருக்கு பெட்ரோல் காசுதான் நட்டம். தமிழ்நாட்டில் இறக்குமதி பீர் பெரும்பாலும் டாஸ்மாக்கின் எலைட் கடைகளிலும், லைசென்ஸ் உள்ள ஹோட்டல் பார்களிலும்தான் கிடைக்கும். ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை பக்கக் கடைகளில் தேடுவது வீண் அலைச்சல்.

கேழ்வரகு தெரிந்தவர்களுக்கு பீர் ஈஸி!

பீர் எப்படித் தயாராகிறது என்பதை கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். குழந்தைக்கு ராகி மாவு செய்ய கேழ்வரகை ஊறவைத்து, துணியில் கட்டி முளைக்க விட்டு, காயவைத்து, வறுத்து அரைப்பார்கள் இல்லையா? அந்த மாவுக் கஞ்சியில் ஒரு இயற்கையான இனிப்பு இருக்கும். தானியம் முளைக்கும்போது உள்ளே இருக்கும் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதிகள் உருவாவதுதான் காரணம். கேழ்வரகுக்குப் பதில் பார்லியை அப்படிச் செய்தால் அதுதான் மால்ட். அந்த மால்ட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து இனிப்புச் சாறு எடுத்து, ஹாப்ஸ் என்ற கொடியின் பூக்களைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். பீர் ரெடி.

கேழ்வரகிலேயே பீர் செய்ய முடியாதா என்றால், முடியும். சிக்கிமிலும் கிழக்கு நேபாளத்திலும் தோங்பா என்று ஒன்று உண்டு. புளிக்கவைத்த கேழ்வரகை மூங்கில் குவளையில் போட்டு, சுடுதண்ணீர் ஊற்றி, குழல் வைத்து உறிஞ்சுவார்கள். நம்ம ஊர் களியும் கூழும் ஆகும் அதே தானியம்தான்.

ஹாப்ஸ்தான் பீரின் கசப்புக்குக் காரணம். கெட்டுப்போகாமல் காப்பதும் அதுதான். தாவரவியலில் இது கஞ்சாவின் குடும்பம், ஆனால் போதை கிடையாது. இந்தியாவில் இமாச்சலின் லாஹவுல் பள்ளத்தாக்கில் கொஞ்சம் விளைகிறது. மற்றபடி இறக்குமதிதான்.

உலகத்தில் நூற்றுக்கணக்கான பீர் வகைகள் இருந்தாலும் பெரும்பாலானவை இரண்டு குடும்பத்துக்குள் அடங்கும். ஈஸ்ட் கொஞ்சம் சூடான இடத்தில் சீக்கிரமாகப் புளிக்கவைத்தால் ஏல். குளிர்ச்சியான இடத்தில் மெதுவாக வேலை செய்து, பிறகு வாரக்கணக்கில் குளிரில் கிடந்தால் லாகர். ஜெர்மன் மொழியில் ‘லாகர்ன்’ என்றால் இருப்பு வைப்பது. நிறத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

லாகரும் பில்ஸ்னரும்: உலகத்தைப் பிடித்த மஞ்சள் நிறம்

இன்றைக்கு ‘பீர்’ என்றதும் மனதில் வரும் பளபளப்பான பொன்மஞ்சள் நிறத்துக்கு வயது 200கூட ஆகவில்லை. அதற்கு முன் ஐரோப்பாவில் பெரும்பாலான பீர் பழுப்பாக, கலங்கலாகத்தான் இருந்தது. செக் நாட்டில் இருக்கும் பில்சன் நகரத்தில் 1838இல் மக்கள் கெட்டுப்போன பீரை பீப்பாய் பீப்பாயாகத் தெருவில் கொட்டினார்கள். சலித்துப்போய் ஊரே சேர்ந்து புது ஆலை கட்டி, பவேரியாவில் இருந்து யோசஃப் கிரோல் என்ற பீர் வல்லுநரை வரவழைத்தது. 1842 அக்டோபரில் அவர் காய்ச்சியதுதான் முதல் பில்ஸ்னர். வெளிர் நிற மால்ட், அந்த ஊரின் மென்மையான தண்ணீர், சாஸ் பகுதி ஹாப்ஸ், பவேரிய லாகர் ஈஸ்ட்.. நான்கும் சேர்ந்து இதுவரை பார்க்காத ஒன்று வந்தது. பில்ஸ்னர் உர்க்வெல் என்ற பெயரில் இன்றும் அங்கேதான் தயாராகிறது.

அடுத்த திருப்பம் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில். 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் ஒரே ஒரு ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து அதை மட்டும் பெருக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அதுவரை ஒரு தடவை நன்றாக வரும், அடுத்த தடவை புளித்துப்போகும். ஹான்சனுக்குப் பிறகு எல்லா பாட்டிலும் ஒரே ருசி. கார்ல்ஸ்பெர்க் இதைக் காப்புரிமை போட்டுப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. உலகம் முழுக்க லாகர் பரவ இதுவும் ஒரு காரணம். ஹெய்னகன், பட்வைசர், சிங்கப்பூரின் டைகர், நம்ம கிங்ஃபிஷர் எல்லாமே இந்த வம்சம்.

பட்வைசர் பெயரில் ஒரு சண்டையும் இருக்கு. செக் நாட்டில் புட்வைஸ் என்று ஒரு ஊர். அந்த ஊர் பீருக்குத்தான் அந்தப் பெயர் நியாயம் என்று அங்குள்ள புட்வார் ஆலை சொல்கிறது. 1876இல் பட்வைசரைத் தொடங்கிய அமெரிக்க கம்பெனி விடவில்லை. நூறு வருஷத்துக்கும் மேலாக நாடு நாடாக வழக்கு. அமெரிக்க பட்வைசரில் பார்லியோடு அரிசியும் சேர்கிறது. ருசி லேசாக இருப்பதற்கு அதுதான் காரணம். இந்திய லாகர்களிலும் அரிசியோ மக்காச்சோளமோ சேர்ப்பது வழக்கம்.

கோதுமை பீர்: ஜெர்மனிக்கு கிராம்பு, பெல்ஜியத்துக்கு தனியா

பெங்களூரு பப்களில் புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் கைகாட்டப்படுவது பெரும்பாலும் கோதுமை பீர்தான். கசப்பு குறைவு, லேசான இனிப்பு, கலங்கலான நிறம். இதில் இரண்டு வகை. குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஹெஃபவைசன் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தது. மோந்து பார்த்தால் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். ஆனால் உள்ளே வாழைப்பழமும் இல்லை, கிராம்பும் இல்லை. இரண்டையும் உண்டாக்குவது ஈஸ்ட். சேர்த்திருக்கவும் முடியாது. பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் பீரில் கூடாது என்று பவேரியாவில் 1516இலேயே சட்டம் போட்டுவிட்டார்கள். (ஈஸ்ட் ஒரு உயிரி என்பது அப்போது யாருக்கும் தெரியாது.) அப்படியென்றால் கோதுமை எப்படி வந்தது? ரொட்டிக்குக் கோதுமை தட்டுப்பாடு வரக் கூடாது என்றும் சொல்லிக்கொண்டு, கோதுமை பீர் காய்ச்சும் உரிமையை மட்டும் ஆட்சியாளர் குடும்பம் தன் கையில் வைத்துக்கொண்டது. மதுவில் அரசு ஏகபோகம் என்பது டாஸ்மாக் கண்டுபிடித்தது இல்லை!

விட்பியர் பெல்ஜியத்தைச் சேர்ந்தது. இதில் நிஜமாகவே கொத்தமல்லி விதையும், உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் போடுகிறார்கள். ஆமாம், குழம்புக்கு அரைக்கும் அதே தனியா. ஹூகார்டன் என்ற கிராமத்தில் இருந்த கடைசி விட்பியர் ஆலை 1957இல் மூடிவிட்டது. அந்த ஊர் பால்காரர் பியர் செலிஸ், ருசி ஞாபகத்தை வைத்தே 1966இல் அதை மறுபடி தொடங்கினார். ஊர் பெயரே பிராண்ட் ஆகி இன்று உலகம் முழுக்க விற்கிறது.

ஸ்டவுட்: கருப்பாக இருந்தால் ஸ்ட்ராங் என்று அர்த்தமா?

இல்லவே இல்லை. அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். ஸ்டவுட்டின் கருப்புக்குக் காரணம் பார்லியைக் காபிக்கொட்டை மாதிரி கருக வறுப்பது. ருசியிலும் காபி, டார்க் சாக்லேட் வாடை இருக்கும். அயர்லாந்தின் கின்னஸ்தான் இதில் பிரபலம். 1759இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் ஆலை இடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டு வாடகைக்கு 9,000 வருஷ ஒப்பந்தம் போட்டு எடுத்தார். அந்த நம்பிக்கையைப் பாராட்டத்தான் வேண்டும். கின்னஸ் டிராஃப்டில் ஆல்கஹால் 4.2 சதவீதம்தான். நம்ம ஸ்ட்ராங் லாகரில் இதைப்போல கிட்டத்தட்ட இரண்டு பங்கு.

நிஜமாகவே ஸ்ட்ராங்கான ஸ்டவுட் வேண்டும் என்றால் பக்கத்து நாட்டைப் பார்க்க வேண்டும். இலங்கையின் லயன் ஸ்டவுட் 8.8 சதவீதம். 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியா மலையில் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய பீர் தொழிலின் வாரிசு இது. தேயிலைத் தோட்டங்களின் குளிருக்கு நடுவே பிறந்து, வெளிநாட்டு பீர் விமர்சகர்கள் தேடிப்போய் எழுதும் அளவுக்குப் பெயர் வாங்கியது.

ஐபிஏ: பெயரில் இந்தியா, பிறந்தது இங்கிலாந்து

இந்தியா பேல் ஏல் என்பதன் சுருக்கம்தான் ஐபிஏ. பம்பாய், மெட்ராஸ், கல்கத்தா என்று கிழக்கிந்திய கம்பெனி ஊர்களில் இருந்த வெள்ளைக்காரர்களுக்கு லண்டனில் இருந்து பீர் வந்தது. சூயஸ் கால்வாய் 1869இல்தான் திறந்தது. அதற்கு முன் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர மாதக்கணக்கில் ஆகும், பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்ட வேண்டும். ஹாப்ஸ் அதிகம் போட்ட பீர் அந்தப் பயணத்தைத் தாங்கியது. கிழக்கு லண்டனில் ஹாட்ஜ்சன் என்பவரின் போ ஆலை இந்த வியாபாரத்தில் முதலில் கொடிகட்டியது. பிறகு பர்ட்டன் நகரத்து ஆலைகள் பிடித்துக்கொண்டன. ‘இந்தியாவுக்காகவே ஹாட்ஜ்சன் கண்டுபிடித்தார்’ என்று பல இடங்களில் படிக்கலாம். அது கட்டுக்கதை. அந்த வகை பீர் இங்கிலாந்தில் ஏற்கெனவே இருந்தது, பெயர்தான் பின்னால் ஒட்டிக்கொண்டது.

ருசி? பாகற்காய் பிடிக்கும் என்பவர்களுக்குப் பிடிக்கலாம். முதல் வாய்க்கே முகத்தைச் சுளிப்பவர்கள்தான் அதிகம்.

காற்றில் புளிக்கும் பீரும், நம்ம கள்ளும்

பெல்ஜியத்தில் துறவி மடங்களில் காய்ச்சும் டிராப்பிஸ்ட் பீர் ஒரு பக்கம் இருக்கட்டும். பிரஸ்ஸல்ஸ் பக்கம் லாம்பிக் என்று ஒன்று இருக்கு. ஈஸ்ட்டை யாரும் சேர்ப்பதில்லை. கொதித்த சாற்றை அகலமான தொட்டியில் ஊற்றி, ராத்திரி முழுக்க ஜன்னலைத் திறந்து வைத்துவிடுவார்கள். காற்றில் இருக்கும் நுண்ணுயிரிகள் வந்து விழுந்து தானாகப் புளிக்கும். பிறகு மரப் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று வருஷம். இதற்கு உலகச் சந்தையில் ஏக மரியாதை. பெல்ஜியத்தின் பீர் பண்பாட்டையே 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

பனையில், தென்னையில் கட்டும் பானையில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் நடப்பதும் இதுதான். பதநீர் தானாகப் புளித்துக் கள் ஆகிறது. ஆனால் தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை. பல மடங்கு போதை ஏற்றும் பாட்டில்களை அரசே விற்கும்போது மரத்தில் இருந்து இறங்குவதற்கு மட்டும் ஏன் தடை என்று விவசாய அமைப்புகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. இதுவரை வந்த எந்த அரசும் நேராகப் பதில் சொன்னதாகத் தெரியவில்லை.

பாட்டில் ஏன் பிரவுன் கலர்?

மெக்சிகோவின் கொரோனா வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் வரும். வாயில் எலுமிச்சைத் துண்டு சொருகிக் கொடுப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸில் உள்ள பொருள் சிதைந்து ஒரு துர்நாற்றம் வரும். வெள்ளையும் பச்சையும் வெளிச்சத்தை உள்ளே விடும், பிரவுன் தடுக்கும். கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கிய பச்சை பாட்டிலை எடுப்பதைவிட கேன் எடுப்பது மேல்.

ஆசிய பீர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜப்பானின் அசாஹி, தாய்லாந்தின் சிங்கா, சிங்கப்பூரின் டைகர் எல்லாம் லேசான லாகர்கள். சிங்கப்பூர் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது பீரைப் பற்றி இல்லை, நேரத்தைப் பற்றி. 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் பஸ்ஸில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து கலவரம் நடந்தது. அதற்குப் பிறகு 2015இல் வந்த சட்டப்படி, இரவு 10.30க்கு மேல் கடையில் மது வாங்க முடியாது, காலை 7 மணி வரை பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. லிட்டில் இந்தியாவில் இன்னும் கெடுபிடி.

‘பீர்தானே’ என்று நினைத்தால்..

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்தியத் தர விதிகளின்படி ஆல்கஹால் 5 சதவீதம் வரை சாதா பீர். 5க்கு மேல் 8 வரை ஸ்ட்ராங். உலகத்தில் பெரும்பாலான லாகர்கள் 4.5 முதல் 5 சதவீதத்துக்குள் இருக்கும். இந்தியாவில் விற்பதில் பெரும்பகுதி ஸ்ட்ராங். வெளிநாட்டு பிராண்டுகளும் இதைப் பார்த்து, டூபோர்க் ஸ்ட்ராங், பட்வைசர் மேக்னம் என்று இங்கே தனியாக இறக்கியிருக்கின்றன. பெயர் ஒன்றுதான், சரக்கு வேறு.

கணக்கு போட்டுப் பாருங்கள். 650 மி.லி. பாட்டில், 8 சதவீதம் என்றால் உள்ளே இருக்கும் சுத்த ஆல்கஹால் 52 மி.லி., எடையில் சுமார் 41 கிராம். 42.8 சதவீத விஸ்கியில் ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி.யில் இருப்பது சுமார் 20 கிராம். ஆக, ஒரு ஸ்ட்ராங் பீர் = இரண்டு லார்ஜ் விஸ்கி. 330 மி.லி. சின்ன பாட்டிலில் 5 சதவீத லாகர் என்றால் 13 கிராம்.

உடம்பு ஒரு மணி நேரத்துக்கு வெளியேற்றுவது தோராயமாக 7 முதல் 10 கிராம். 41 கிராம் இறங்க நான்கு முதல் ஆறு மணி நேரம். மோர் குடித்தாலும், வாந்தி எடுத்தாலும், குளித்தாலும் இந்த வேகம் கூடாது.

‘பீர் குடித்தால் சூடு தணியும்’ என்பார்கள். குளிர்ந்த பாட்டில் தொண்டையில் இறங்கும்போது அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆல்கஹால் சிறுநீரை அதிகம் வெளியேற்றும். வெயிலில் வேலை பார்த்துவிட்டு வந்து தண்ணீருக்குப் பதில் பீர் குடித்தால் உடம்பு மேலும் வறண்டுதான் போகும். ‘கிட்னி கல் கரையும்’ என்பதும் இதே ரகம். சிறுநீர் அதிகம் போவதால் வந்த நம்பிக்கை அது. பீர் எந்தக் கல்லையும் கரைக்காது. யூரிக் அமிலம் கூடி, ஒரு வகைக் கல்லுக்கு அதுவே காரணமும் ஆகலாம். எந்த அளவு மதுவும் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023 ஜனவரியில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது.

ஓசூர் டூ ஊத்தங்கரை: சாலையும் சட்டமும்

பெங்களூருவில் சாயங்காலம் குடித்துவிட்டு, ராத்திரியே பைக்கில் கிருஷ்ணகிரி, அங்கிருந்து திருவண்ணாமலை ரோட்டில் ஊத்தங்கரை என்று திரும்புபவர்களுக்கு மேலே சொன்ன கிராம் கணக்கு வெறும் கணக்கு இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவுப்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். 60 கிலோ எடையுள்ள ஆண் ஒரு ஸ்ட்ராங் பீரை மடக்கென்று குடித்தால் தோராயமாக இதில் மூன்று மடங்கு காட்டும். சின்ன பாட்டில் லாகரே எல்லைக்கோட்டைத் தொட்டுவிடும். முதல் தடவை பிடிபட்டால் 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட வரலாம். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், 2 வருஷம் வரை.

நெடுஞ்சாலையில் இருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் சொன்ன தீர்ப்பும் தமிழ்நாட்டில் இருந்து போன வழக்கில்தான் வந்தது. மறு ஆண்டே நகராட்சிப் பகுதிகளுக்கு விலக்கு கிடைத்துவிட்டது தனிக்கதை.

அடுத்தது பாட்டிலோடு திரும்புபவர்கள். ‘ரெண்டு பாட்டில்தானே, அதுவும் பில் இருக்கே’ என்பதுதான் வழக்கமான பதில். தமிழ்நாட்டில் இன்றும் அமலில் இருப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம். பெயரைக் கேட்டால் பழைய காலத்து சமாச்சாரம் மாதிரி இருக்கும். ஆனால் இந்தப் பகுதிக்கும் அந்தச் சட்டத்துக்கும் ரொம்ப நெருக்கம். ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோது 1937 அக்டோபர் 1ஆம் தேதி மாகாணத்திலேயே முதன்முதலாக மதுவிலக்கைக் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அன்றைக்கு சேலம் மாவட்டம்தான். 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடி போனது. 1983இல் டாஸ்மாக் மொத்த விற்பனைக்கு வந்தது, 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்குப் போயின. இத்தனைக்கும் நடுவில் 1937 சட்டம் மட்டும் போகவில்லை. அரசு அனுமதிக்கும் விற்பனை, அந்தத் தடைக்குள் கொடுக்கப்பட்ட விலக்கு மாதிரிதான்.

அதனால் அனுமதி இல்லாமல் வெளிமாநில மதுவைக் கொண்டுவருவதும் வைத்திருப்பதும் இந்தச் சட்டத்தின் 4ஆவது பிரிவில் வரும். போலீஸ் குறிவைப்பது பெரும்பாலும் கர்நாடக மது பாக்கெட்டுகளை மூட்டையாகக் கடத்துபவர்களைத்தான். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அந்தச் செய்தி வராத மாதம் இல்லை. ஆனால் சோதனைச் சாவடியில் பையைத் திறக்கச் சொல்லும்போது, உள்ளே இருப்பது பெல்ஜியத்து பீரா, 90 மி.லி. பாக்கெட்டா என்று சட்டம் தனியாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. பெங்களூரு கடையில் கொடுத்த பில், காசு கொடுத்து வாங்கியதற்கு ஆதாரம். தமிழ்நாட்டுக்குள் கொண்டுவர அனுமதி ஆகாது. வண்டியும் சேர்த்துப் பறிமுதல் ஆகலாம். மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்ட பைக்குகளும் கார்களும் பிறகு ஏலத்துக்குப் போகின்றன. அந்த ஏல அறிவிப்புப் பட்டியல்களில் பாதிக்கு மேல் டூவீலர்கள்தான் இருக்கும்.